சனிக்கிழமை, நான்கு முதல் ஏழு வரை

உயர் நீதிமன்ற மதிலில் ஒரு கல் பலகை இருக்கிறது.
ஆறு மாதமாக அதன் அருகில்தான் பைக்கை நிறுத்துகிறேன்.
போன வாரம்தான் படித்தேன்.

எம்டன் எங்கள் வீட்டில் கப்பல் இல்லை, வசவு.
பிரமிளாவின் அப்பா என்னை அப்படித்தான் சொல்வார்:
சரியான எம்டன், பிடி கொடுக்க மாட்டான்.
கல்யாணத்துக்கு முன்பு அதில் கொஞ்சம் மெச்சுதல் இருந்தது.

நறுமுகை வெளியே வருகிறாள்.
ஒரு கையில் தண்ணீர் பாட்டில், மறு கையில் பாதி பிஸ்கட்.
பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது மணி நாலு பத்து.
அந்தப் பத்து நிமிடத்தை யாரிடம் கேட்பது?

போர் நினைவுச் சின்னம் என்று பலகை சொல்கிறது.
கண்டக்டர்களுக்கு அது
"வார் மெமோரியல், முன்னாடி வா, இறங்கு இறங்கு."
உள்ளே வட்டமாகத் தூண்கள், வெட்டிய புல்,
புல்லில் உட்காரக் கூடாது என்று சொல்வதற்கென்றே ஒருவர்.
கல்யாண ஜோடி ஒன்று
ஆண்டு பொறித்த கல்லில் சாய்ந்து படம் எடுத்துக்கொள்கிறது.
கேமராக்காரர் கத்துகிறார்:
"சார், கொஞ்சம் சிரிங்க, போருக்கா போறீங்க?"

தெரிந்ததைச் சொன்னேன் மகளுக்கு.
செப்டம்பர் மாதம், இரவு ஒன்பதரை,
ஊர் விளக்கை அணைக்காமல் இருந்தது,
இருட்டிலிருந்து ஒரு கப்பல் சுட்டது,
துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன.

"தொட்டி என்னப்பா பண்ணுச்சு அதை?"

ஒன்றும் பண்ணவில்லை.

"அப்புறம்?"

அப்புறம் ஊரே மூட்டை கட்டியது.
ரயிலில் இடமில்லாதவர்கள் மாட்டு வண்டியில்,
வண்டி கிடைக்காதவர்கள் நடந்து.
கப்பல் திரும்பி வரவில்லை.
வரும் வரும் என்று
மாதக் கணக்கில் காது கொடுத்துப் படுத்திருந்தார்களாம்.

இதை மட்டும் அவள் நம்பினாள்.
கதவு அறையும் சத்தத்துக்குப் பிறகு வரும் அமைதியில்
எப்படிப் படுப்பது என்று
அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஐந்தே முக்காலுக்கு மெரினா.
மணலில் கால் புதையப் புதைய
சுண்டல்காரரைத் தாண்டி, குதிரைச் சாணத்தைத் தாண்டி,
பலூன் சுடும் பலகைக்கு நேராகப் போனாள்.
ஐம்பது ரூபாய்க்குப் பத்து குண்டு.
துப்பாக்கி அவள் உயரத்தில் முக்கால்.
பின்னால் மண்டியிட்டுத் தோளைத் தாங்கிக்கொண்டேன்.
தலைமுடியில் வேறு ஷாம்பு வாசனை, புதியது.

ஒன்பது குண்டும் வீண்.
கடைக்காரர் ரஹீம் பாய் இரக்கப்பட்டு
ஒரு மஞ்சள் பலூனைக் கிட்டத்தில் கட்டினார்.
அவள் துப்பாக்கியைக் கீழே வைத்தாள்.
"இது வேணாம். இதை அவிழ்த்துக் கொடுங்க."
பத்தாவது குண்டுக்குக் காசைத் திருப்பித் தர மாட்டார்,
பலூனைத் தந்தார்.

கலங்கரை விளக்கம் சுழலத் தொடங்கியது.
"இப்ப வந்தா நம்மளைத் தெரியும்ல?" என்றாள்.
யாருக்கு?
"கப்பலுக்கு."
தூரத்தில் நங்கூரமிட்ட சரக்குக் கப்பல்கள்,
வரிசையாக, கூலிக்குக் காத்திருப்பவை போல.
பலூனை மடியில் அமுக்கிக்கொண்டு எண்ணினாள். பதினொன்று.
எனக்கு ஒன்பதுதான் தெரிந்தது.

எங்கோ படித்ததில் ஒன்றை அவளிடம் சொல்லவில்லை.
சுட்டு முடித்த கப்பல்
ஒரு பக்கத்து விளக்குகளை மட்டும் எரியவிட்டு
வடக்கே போவதாகக் காட்டிக்கொண்டதாம்.
பிறகு எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத்
தெற்கே திரும்பியதாம்.

ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே
பேருந்து நிறுத்தத்தில் பிரமிளா, ஸ்கூட்டரில்.
"சாப்பிட்டாளா?"
சுண்டல்.
"சரி."
அவ்வளவுதான் எங்கள் பேச்சுவார்த்தை.

பலூனை ஹெல்மெட்டுக்கும் முதுகுக்கும் நடுவே செருகி
நறுமுகை ஏறிக்கொண்டாள்.
இடது இண்டிகேட்டர் மின்னியது.
மின்னிக்கொண்டே
வண்டி வலது பக்கம் திரும்பிப் போயிற்று.