யாரும் தொடும் முன்

டவுன்ஹால் ரோட்டிலேயே பெட்டியை உதறிப் பார்த்தேன்:
கீபோர்டு, மவுஸ், வாரண்டி அட்டை, தெர்மாகோல் தூள்.
சிடி ஒன்றுகூட இல்லை.
"எல்லாம் உள்ளயே இருக்குக்கா" என்றான் பெனடிக்ட்,
மாற்றுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப்
பூட்டிவிட்டு வந்தவன் மாதிரி சிரித்து.

நாலு டிவிடி. எண்பது ரூபாய்.
வில்லாபுரத்தில் மூன்றாவது சுழலும்போது கரண்ட் போனது.
யுபிஎஸ் கூவிக் கூவி அடங்கியது.
கெட்ட தட்டைப் புறா விரட்ட ஜன்னலில் கட்டினேன்.

மறுபடி முதலிலிருந்து.
ஒரு கல்யாணப் பத்திரிகை இல்லை,
பிழையாய் அடித்த மாப்பிள்ளை பெயர் இல்லை
இதற்குள் இன்னும்.
இந்த ஒன்றுமில்லாததைத்தான்
விடிய விடிய நகலெடுக்கிறேன்.

மார்க்கரில் தேதி மட்டும் எழுதி
கேஸ் புத்தகத்தோடு பீரோவில் வைத்தேன்.

பீரோ சாவி
சிபியூ தலைமேல்.