ஸ்வல்ப நோவு

மூன்று நாளில் சரியாகிவிடும் என்றார்கள்.
இன்று பத்தொன்பது.

கீழ்வரிசை, இடப்பக்கம், கடைசிக்கு முந்தையது.
ஸ்டீல் கிண்ணத்தில் அது 'டிங்' என்று விழுந்ததை
நானே கேட்டேன்.
ராஜாஜிநகர் கிளினிக்குக்குக் கீழே அப்போது
கரும்பு ஜூஸ் மெஷின்
சலங்கை கட்டிக்கொண்டு ஓடியது.
பஞ்சைக் கடித்தபடி பெயர் சொன்னேன், பொற்கொடி என்று.
பில்லில் ஹொர்கொடி என்றிருக்கிறது.

போனது போய்விட்டது.
பிறகு வலிப்பது எது?

பீனியாவில் ஸ்பிரிங் கம்பெனி.
இன்வாய்ஸ் அடிக்கும்போதும்
லாரிக்காரனிடம் வண்டி நம்பர் கேட்கும்போதும்
நாக்கு ஓசைப்படாமல் எழுந்துபோய்
அந்தக் குழியை எட்டிப் பார்த்துவிட்டு வருகிறது,
அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தவள் மாதிரி.

முதல் வாரம் எல்லாரும் கேட்டார்கள்.
உப்புத் தண்ணீர், கொய்யா இலை,
ஷீலா ரெபெக்கா ஒரு கப் ஐஸ்கிரீம்கூட வாங்கித் தந்தாள்.
இரண்டாம் வாரம் ஒருவரும் கேட்கவில்லை.
வீட்டில் சுகுமாறன் மட்டும்,
செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல்,
"இன்னுமா?"

மறுபடி போனேன்.
டாக்டர் ஹேமலதா விளக்கை இழுத்துவிட்டு
"நோவு இதெயா?" என்றார்.
வலியா என்று கேட்டிருந்தால் சமாளித்திருப்பேன்.
நோவு என்றதும் கண் கலங்கிவிட்டது.
எங்கள் வீட்டில் அந்தச் சொல்லைப்
பிரசவத்துக்குத்தான் வெளியே எடுப்பார்கள்.
இங்கே அதைத் தினமும் புழங்குகிறார்கள்.

எவ்வளவு என்று அடுத்த கேள்வி.
காலையில் விண்விண், டாக்டர்.
பதினொரு மணிக்கு ஒரு ஊறல்.
தயிர் சாதத்துக்கு சுருக்.
குனிந்து செருப்பு மாட்டினால் தாடையே கனக்கிறது.
ராத்திரி இரண்டுக்கு
ஆள் பிடிக்காமல் தானே திரும்பும் திருப்புளி.
இவ்வளவுக்கும் என்னிடம் கன்னடம் இல்லை.
"ஸ்வல்ப" என்றேன்.

எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லை
கறுப்பாக, அழகாக விழுந்திருந்தது.
கிராம்பு எண்ணெயில் நனைத்த நாடாவைத் திணித்து
"ஹல்லு ஹோய்த்து, நோவூ ஹோகுத்தெ" என்று
தோளில் தட்டினார்.

பஸ்ஸில் அதையே மென்றுகொண்டு வந்தேன், வலப்பக்கமாக.
பல்லுக்கு ஹல்லு. பாலுக்கு ஹாலு. பூவுக்கு ஹூ.
எந்தக் காலத்திலோ இவர்களுக்கும்
ஒரு பகரத்தைப் பிடுங்கியிருக்கிறார்கள்.
அந்தச் சந்தில் இப்போது காற்று வந்துபோகிறது.
அதில் நோவு இருந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

நம் ஆள் ஒருவர்
பல்லைப் பிடித்திருக்கும் சதைக்கும் ஈறு,
சொல் முடியும் இடத்துக்கும் ஈறு என்றிருக்கிறார்.
அவருக்கும் கடைவாயில் ஒன்று போயிருக்க வேண்டும்.
முடிந்த இடம்தான் விடாமல் பேசும் என்று
ராத்திரி இரண்டு மணிக்குத்தான் தெரியவரும்.

இருபத்து மூன்றாம் நாள்,
மெட்ரோ கொரகுண்டெபாளையா தாண்டும்போது
நாக்கில் ஏதோ கீறியது.
எதிர்ஸீட்டுப் பையன் பார்க்கிறான்.
துப்பட்டாவால் வாயை மறைத்து
இரண்டு விரலை விட்டு எடுத்தேன்.
எலும்புச் சில்லு.
அரிசிக் குருணை அளவு, ஒரு முனை மட்டும் கூர்.
எக்ஸ்ரேக்கும் சிக்காமல், மாத்திரைக்கும் மசியாமல்
தானே வழி பார்த்து
இவ்வளவு நாளாக நடந்து வந்திருக்கிறது.

இது என்னுடையது.
எறிய ஒரு தயக்கம்.
வைத்துக்கொள்ளவும் கூச்சம்.

மத்தியானம் இடப்பக்கம் மென்று பார்த்தேன்.
சப்பாத்தி. மெதுவாக.
குழி மூடத் தொடங்கியிருக்கிறது என்றாலும்
நாக்கு இன்னும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறது,
காலி செய்த வீட்டுக்குத்
தபால் வந்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல.

சாயங்காலம் ஷீலா
ஸ்டேப்ளர் பின் கேட்டாள்.
என் டப்பாவை நீட்டாமல்
ஸ்டோரில் புதுசு இருக்கும், பார் என்றேன்.