அறுபத்து மூன்று, அறுபத்து நான்கு

யாரும் தொடவில்லை.
ஆனாலும் திரையில் முதல் குமிழ்
அறுபத்து மூன்று, அறுபத்து நான்கு,
அறுபத்து மூன்று என்று
சில்லறை எண்ணும் கண்டக்டர் மாதிரி
முணுமுணுக்கிறது.
நாலாவது இன்னும் மோசம்.
சும்மா கிடந்து, திடீரென்று தொண்ணூறுக்குத் தாவும்.

ஏகாம்பரகுப்பத்தில் மணி பதினொன்றே கால்.
மாடியில் நான். கீழே இருபத்துநாலு விசைத்தறி.
எட்டு மணிவரை அதில் நாலு என்னுடையது,
இப்போது புஷ்பகலாவுடையது.
ஒட்டுப்பலகையில் நானே துளைபோட்ட பெட்டி.
பத்துக் குமிழ், ரிச்சி தெருவில் பேரம் பேசி நூற்றைம்பது.
பத்தாவதை இனாமென்று போட்டுவிட்டுக்
கடைக்காரன் சிரித்தபோதே
யோசித்திருக்க வேண்டும்.
அதைத்தான் நாலாவதாய் மாட்டியிருந்தேன்.

வெள்ளிக்கிழமை ஜாத்திரை.
"இந்த வருஷம் எங்க பொண்ணு டீஜே" என்று
தேசிங்கு ஊரெல்லாம் சொல்லிவிட்டான்.
தெலுங்கில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை,
இரண்டிலும் முன்பணம் வாங்கிக்கொண்டு.

முதலில் நிரலைச் சந்தேகித்தேன்.
வரி வரியாய்ப் படித்தேன், ஒரு கமா பிசகில்லை.
பிறகு ஒயர். சிவப்பு ஐந்து வோல்ட்,
கறுப்பு கிரவுண்ட், நடுக்காலுக்கு மஞ்சள்.
எல்லாம் சரி.
எல்லாம் சரியென்றால்
மூன்றாவதைத் திருகும்போது
நாலாவது ஏன் திரும்பிப் பார்க்கிறது?

பதினொன்று நாற்பதுக்குக் கரண்ட் போனது.
இருபத்துநாலு தறியும் ஒரே மூச்சில் வாய்மூட,
பேட்டரியில் விழித்திருந்தது மடிக்கணினி மட்டும்.

அறுபத்து மூன்று.

அறுபத்து மூன்று.

ஒன்பது குமிழும் சொன்ன சொல் மாறவில்லை.
நாலாவது மட்டும் இருட்டிலும் அலைந்தது.
அப்படியானால் நோய் ஒன்றல்ல, இரண்டு.

பகலெல்லாம் நான் ஓட்டும் தறியே
ராத்திரி ஒயர் வழியாக ஏறிவந்து
என் பெட்டிக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.
ஓவர்டைம்.

பிஸ்கட் டப்பா மூடியை வெட்டி
அடியில் பரப்பி கிரவுண்டோடு பற்றவைத்தேன்.
நூற்று நாலு என்று எழுதிய, மிளகளவு கெபாசிட்டர்
ஆறுதான் இருந்தது.
பேஸுக்கும் வால்யூமுக்கும் முதல் பந்தி,
மற்றவை காத்திருக்கட்டும்.
நிரலில் ஒரு வரி சேர்த்தேன்:
இரண்டுக்குக் குறைந்த அசைவை
அசைவாகவே எடுத்துக்கொள்ளாதே.
கூலி கேட்டுப் போனால்
முதலாளி எங்களுக்கு வைத்திருக்கும் அதே கணக்கு.

கரண்ட் வந்தது, தறி வந்தது.
ஒன்பதும் அசையவில்லை.

இனி அந்த இனாம் குமிழ்.
பிடுங்கி எறியத்தான் கை போனது.
எதற்கும் என்று மஞ்சள் ஒயரை
இரண்டு விரலால் மெல்ல இழுத்துப் பார்த்தேன்,
பாவில் அறுந்த இழையைத் தேடுகிற மாதிரி.
வந்துவிட்டது.
நடுக்காலில் ஈயம் மினுங்கவில்லை,
சாம்பல் பூத்திருந்தது.
பிடித்ததுபோல் நடித்துக்கொண்டு
எதையும் பிடிக்காமல் இருந்திருக்கிறது.

ஞாபகம் வந்தது.
ஞாயிற்றுக்கிழமை, இரட்டை ஷிப்டு முடிந்து,
தூக்கக் கலக்கத்தில்
சீக்கிரம் ஆறட்டும் என்று நான் ஊதிய ஈயம்.
இனாம் குமிழ் பாவம், ஒரு தப்பும் செய்யவில்லை.

மறுபடி சூடு காட்டினேன்.
ஈயம் ஒரு நொடி தண்ணீராகிக்
காலைச் சுற்றி உட்கார்ந்து பளபளத்தது.
இந்த முறை ஊதவில்லை.
ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று
கையைக் கட்டிக்கொண்டு எண்ணினேன்.

பூஜ்யத்திலிருந்து நூற்றிருபத்தேழு வரை
வழுக்கிக்கொண்டு போனது, வந்தது.
ஹெட்போனில் உடுக்கை
கிணற்றுக்குள் இறங்கி மேலே ஏறியது.

ஏழாவது தலைகீழ் என்று அப்புறம்தான் கண்டேன்.
வலப்பக்கம் திருகினால் குறைகிறது.
இரண்டு ஒயரை மாற்றினால் போதும், ஐந்து நிமிஷ வேலை.

மாற்றவில்லை.
வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு நடுவில்
"தள்ளு, நான் கொஞ்சம் போடறேன்" என்று
தேசிங்கு கை நீட்டுவான்.
நீட்டட்டும்.