குமிழ்

புந்தா அரேனாஸில் கணப்படுப்பு அணைவதில்லை.
ஜனவரியிலும் எரியும்.
அதன் குமிழ் உடைந்து பதினோரு நாளாய்
குறடால் திருகிக்கொண்டிருந்தேன்.
அந்த மாடல் நின்றுபோயிற்று,
புதிது வாங்குங்கள் எடுவினா, என்றார் கடைக்காரர்.
சம்பளத்தை அவர் பார்த்ததில்லை.

செவ்வாய், வியாழன், இரவு ஏழு மணிக்கு
நண்டு ஆலையின் வாடை விரலில் இருக்க
தொழிற்பள்ளியின் மூன்றாவது கணினியில்
முதல் கோடு போட்டேன்.
போட்டேன் என்பது பெருமைப் பேச்சு.
சுட்டெலி போட்டது. நான் பின்னால் ஓடினேன்.

நீலக் கோடு இன்னும் தீர்மானமாகாதது,
இழுத்தால் வரும், என்றான் யெர்கோ.
பத்தொன்பது வயது, காதில் வளையம்.
இழுத்தேன்.
போன ஆகஸ்ட் காற்றில் எங்கள் கூரைத் தகடு போல்
வட்டம் மொத்தமும் கிளம்பிப் போயிற்று.

மேல் மூலையில் பின்னோக்கி வளைந்த அம்பு ஒன்று உண்டு.
அதைக் கண்டுபிடித்த இரவு
நன்றாகத் தூங்கினேன்.

அளவு கொடுத்தால் கோடு கறுக்கும்.
மையத்திலிருந்து இத்தனை, விளிம்பிலிருந்து இத்தனை.
ஆர்வத்தில் ஒன்று கூடுதலாகக் கொடுத்துவிட்டேன்,
எல்லாம் சிவந்துவிட்டது.
ஒரே விஷயத்தை இரண்டு தரம் சொல்லாதீர்கள், என்றான்.
ரோசமேலும் இருபது வருஷமாய் அதைத்தான் சொல்கிறார்.

வடிவம் மூடவில்லை என்றது திரை.
எங்கே என்று சொல்லவில்லை.
பெரிதாக்கினேன், இன்னும் பெரிதாக்கினேன்,
மயிரிழை ஜலசந்தியாக விரிந்தபோது
இரண்டு முனைகள் எதிரெதிரே நின்றன,
போர்வெனீர் படகைத் தவறவிட்டவர்கள் போல.

அடுப்பின் தண்டு முழு வட்டமில்லை,
ஒரு பக்கம் சீவியது.
வெர்னியரை இரவல் வாங்கி வந்து
மூன்று தடவை அளந்தேன்: ஆறு, ஆறு, ஆறு.
துளைக்கும் ஆறே கொடுத்தேன்.
நாணயமான வேலை என்று நினைத்தேன்.

இயந்திரம் நாற்பது நிமிடம் முணுமுணுத்து
ஆரஞ்சு நிறத்தில் ஒன்றைப் போட்டது.
கறுப்பு இழை தீர்ந்திருந்தது.
சோப்பு, எண்ணெய், ரோசமேலின் உள்ளங்கை,
எதற்கும் மசியவில்லை.

ஆறுக்குள் ஆறு நுழையாதாம்.
கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டுமாம்.
முதல் நாளே ஏன் சொல்லவில்லை?
நீங்கள் கேட்கவில்லையே.

ஆறேகால்.

நேற்று மாட்டினேன். திரும்பியது.
தீ சிறிதாய், நீலமாய் எழுந்தது.
கைதட்டிய பிறகுதான் கவனித்தோம்:
குறிக்கோட்டை எதிர்ப்பக்கம் வெட்டியிருக்கிறேன்.
குமிழ் ‘அணை’யைக் காட்டும்போதுதான்
அறை கொதிக்கிறது.

திருத்தலாமே, என்றார் ரோசமேல்.
கோப்பைத் திறந்தேன்.
எல்லாக் கோடுகளும் கறுத்திருந்தன.
ஒன்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன்,
அசையவில்லை.
இன்னொன்றையும் இழுத்தேன்.

வியாழன் வரை இருக்கட்டும்.
அடுப்புக்கு மேலே ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறேன்,
வருகிறவர்களுக்காக:
தலைகீழாகப் படிக்கவும்.