சாஸ்கட்டூனில் கடல் கரைத்தல்

ஞாயிறு காலைகளில் கடல் கரைக்கிறேன்.
இருபது லிட்டர் வாளிக்கு எழுநூறு கிராம் உப்பு.
அகப்பைக் காம்பால் கலக்கி,
பாலாய் வெளுத்தது தெளியும்வரை பார்த்திருந்து,
ஒரு சொட்டை உப்புமானியில் விட்டு
சன்னலுக்கு நேரே பிடிக்கிறேன்.
ஒன்று தசம் பூச்சியம் இரண்டு ஐந்து.
சன்னலுக்கு வெளியே பனி மூடிய கோதுமை வயல்.
பின்பக்கச் சன்னலிலும் அதே வயல்.
எந்தக் கடலுக்குப் போவதென்றாலும்
ஆயிரம் கிலோமீட்டருக்குக் குறையாது.

"கறிக்கு ஒருநாளும் நீ இப்படி அளந்து போட்டதில்லை"
என்கிறார் குகநேசன்.
உண்மைதான்.

மீன்கள் இரண்டும் மூஸ் ஜாவில்
ஓரெஸ்டின் கராஜில் பிறந்தவை.
கழற்றிப் போட்ட டிராக்டருக்கும்
பீட்ரூட் ஊறுகாய்ப் போத்தல்களுக்கும் நடுவே பதினொரு தொட்டி.
பையை முடிச்சிட்டுத் தரும்போது அவர் சொன்னார்:
இதுகளின் தாய்க்குத் தாயும் கடலைக் கண்டதில்லை.

ஆரஞ்சு உடம்பு, மூன்று வெள்ளைப் பட்டி.
நீந்துவதைப் பார்த்தால்
நேற்றுத்தான் நீச்சல் வகுப்பில் சேர்ந்தது போலிருக்கும்.
பெரியவள் பெண்ணாகப் பிறந்தவளல்ல.
வீட்டில் எது பெரிதோ அது பெண்ணாகிவிடும்,
கோமாளி மீன்களின் சட்டம் அது.
குகநேசனுக்கு அந்தச் சட்டம் அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
ஒன்பது இரவு மேலதிகமாய் நின்று
அவர்களுக்கொரு கடற்சாமந்தி வாங்கினேன்.
பச்சை இதழ், நுனியில் ஊதா.
மற்ற மீனைச் சுடும், இவர்களை மட்டும் ஏந்திக்கொள்ளும்
என்று கடைக்காரன் சொன்னான்.
இவர்கள் அதை மோந்தும் பார்க்கவில்லை.
நாலு நாள் கண்ணாடியில் ஊர்ந்து திரிந்துவிட்டு
பாறைக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டது சாமந்தி,
எனக்கு முதுகைக் காட்டி.
பெரியவள் குடிபுகுந்தது
பாசி சுரண்டும் காந்தக் கட்டையில்.
தள்ளுபடியில் எடுத்த கட்டை.
அதில் உடம்பைத் தேய்ப்பாள், அதிலேயே உறங்குவாள்,
கிட்ட என் கை வந்தால் கடிப்பாள்.
நொய்யரிசி உரசினால் எப்படியோ அப்படி,
அவ்வளவுதான்.
இருந்தும் ஒவ்வொரு முறையும் "ஆ" என்பேன்.

சனவரியில் ஓரிரவு கரண்ட் போனது.
வெளியே மைனஸ் முப்பத்தெட்டு.
முதலில் பிரிட்ஜின் முனகல் நின்றது, கூடவே பம்ப்.
தண்ணீர் அசையாவிட்டால் அவர்களுக்கு மூச்சில்லை.
தொட்டிக்குப் போர்வை சுற்றினோம்,
அதற்குமேல் என் குளிர் ஜாக்கெட்.
காஸ் அடுப்பை நெருப்புக்குச்சியால் பற்றவைத்து
அவர் சுடுநீரைப் போத்தல்களில் அடைத்துத் தந்தார்,
நான் மிதக்கவிட்டேன்.
அகப்பையால் அள்ளி ஊற்றினேன்.
அள்ளி ஊற்றினேன்.
மூன்று மணிக்குத் தோள் மரத்துப்போக
அவர் அகப்பையை வாங்கிக்கொண்டு,
"உப்புப் பார்க்கட்டோ?" என்றார்.
இரண்டு பேருமே சிரிக்கவில்லை.

நாலரைக்கு டார்ச் அடித்தேன்.
சின்னவன் மேலே வந்து வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான்.
காந்தக் கட்டை காலி.
ஜம்பர் கையைச் சுருட்டி முழங்கைவரை உள்ளே விட்டேன்.
மணல். பாறை.
பாறைக்குப் பின்னால் சாமந்தியின் வழுக்கல்,
இதழ்கள் ஒவ்வொன்றாய் விரலைப் பற்றி விட்டன.
அதற்குள்ளே
ஏதோ அசைந்தது.

ஆ, என்றேன்.

ஊற்றும் சத்தம் நின்றது.
"என்ன?"

"ஒன்றுமில்லை, கடிக்கிறாள்.
நீங்கள் ஊற்றுங்கோ."