பற்றும் வரை

விடிய நாலு மணி. புன்னாலைக்கட்டுவன் செம்மண்ணில்
பனி முழங்காலளவு நிற்கிறது.
பெட்டியில் பதினொரு மூட்டை பீற்றூட்.
லாண்ட்மாஸ்ரர் எழும்பமாட்டேன் என்கிறது.

கைபிடியைச் சுழற்றுகிறேன். ஏழு, எட்டு, ஒன்பது,
நெம்பை விடுகிறேன்.
ஒரு தும்மல். வெள்ளைப் புகை.
பிறகு என் மூச்சு மட்டும்.

இந்த எந்திரத்துக்குத் தீப்பொறி கிடையாது.
பதினெட்டுப் பங்கு காற்றை ஒரு பங்காக நசுக்கினால்
காற்றே கொள்ளியாகும்.
ஆனால் பின்னேரம் முப்பத்துநாலு பாகையில் உள்ளே போகும் காற்று
இப்போது இருபத்திரண்டில் போகிறது.
வாசலில் பன்னிரண்டு குறைந்தால்
நசுங்கிய இடத்தில் முப்பதுக்கு மேலே குறையும்.
குளிரும் பெருகும், வட்டி மாதிரி.

தாங்கி மூடியைத் திறந்து விரலை விட்டேன்.
டீசலென்றால் வழுக்கும்.
இது வழுக்கவில்லை, விரலிலேயே காய்ந்தது.
மணந்து பார்க்கவும் தேவையிருக்கவில்லை.

டோர்ச் பிடித்து நின்ற குலவீரசிங்கம்
வெளிச்சத்தை மெல்ல நிலத்துக்கு இறக்கினார்.
"அரைவாசிதான் மண்ணெண்ணெய்" என்றார்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

தெளித்த எண்ணெய் தெளித்தவுடன் பற்றுவதில்லை.
துளி ஆவியாக வேண்டும், காற்றோடு கலக்க வேண்டும்,
நொடியை ஆயிரமாக வெட்டி
அதில் ஒன்றோ இரண்டோ காத்திருக்க வேண்டும்.
நல்ல டீசலுக்கு அந்தப் பொறுமை குறைவு.
கலந்தது காத்திருக்கும். குளிரில் இன்னும் காத்திருக்கும்.
காத்திருக்கும்போதும் பின்னால் தெளிப்பது நிற்காது;
சேரும், சேரும்,
பற்றுகையில் முழுவதும் ஒரே அடி.
இரும்புக்குள் சம்மட்டி.

அவருடைய பழைய சாறத்தைக் கிழித்துத் தடியில் சுற்றினேன்.
கொளுத்தி, காற்று போகும் வாயருகே பிடித்தேன்.
கேட்காமலே அவர் குசினிக்குள் போய்
தேத்தண்ணிக்கு வைத்த கேத்திலோடு வந்து
கொதிநீரை எந்திரத்தின் தொட்டியில் ஊற்றினார்.
இருவரும் சேர்ந்து சுழற்றினோம்.

டங். டங். டங்.
ஒழுங்கை முழுக்க நாய்கள்.

அப்போதுதான் நானும் பற்றினேன்:
சங்கக் கடனுக்கு என்னைக் கேளாமல் வைத்த கையெழுத்து,
மச்சாளுக்குக் கொடுத்து வராத சங்கிலி,
ஆவணியில் விற்ற வெங்காயக் காசு,
இந்த மண்ணெண்ணெய்,
எது முதல் எது பின் என்றில்லாமல்.
எந்திரத்தின் அடியில் அவருக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை.
காதில் கையை வைத்து "என்ன?" என்றார்.
"ஏறுங்கோ" என்றேன்.

சுன்னாகத்தில் பீற்றூட்டுக்கு விலை பரவாயில்லை.
பதினொரு மணிக்கு வெயிலில் நின்ற எந்திரம்
அதே கலப்படத்தில்
அரைச் சுற்றில் எழும்பியது. அடிக்கூட மெல்லியதாய்.

மல்லாகம் தாண்டும்போது, திரும்பாமல் சொன்னேன்:
"இனிமேல் கலக்கிறதெண்டால் கேட்டிட்டுக் கலவுங்கோ."
பதில் இல்லை.
சற்றுப் பொறுத்துத் திரும்பிப் பார்த்தேன்.
வெறும் சாக்குகளின்மேல் இருக்கிறார்,
காலையில் கீழே வைக்க மறந்த கேத்திலை
மடியில் பிடித்தபடி.