வெறும் நடை

நாற்பது நிமிஷம் நடக்கணும் என்று
மாத்திரைச் சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தாள் டாக்டரம்மா.
எங்கே என்று எழுதவில்லை.

எங்கள் ஊரில்
எங்கேயும் போகாமல் நடப்பவர் கிடையாது.
தண்ணீர் திருப்ப, மல்பெரித் தழை அறுக்க,
ஐந்தரை மணி மாரண்டஹள்ளி பஸ்ஸைப் பிடிக்க,
புதர் மறைவில் ஒதுங்க.
கால் எடுத்து வைத்தால் ஒரு காரணம் வேண்டும்.

முதல் நாள் மூன்று பேர் மறித்தார்கள்:
"என்ன மாதம்மா, யாருக்கு என்ன ஆச்சு?"
இரண்டாம் நாள் தீர்த்தகிரி
எக்செல்லை நிறுத்தி ஏறச் சொன்னார்.
சும்மாதான் நடக்கிறேன் என்றேன்.
வீட்டில் சண்டையா என்றார்.

மூன்றாம் நாளிலிருந்து
கையில் ஒரு காலித் தூக்கு.
பாலுக்குப் போகிறாள் என்று இருக்கட்டும்.
எட்டுக்கு எட்டு மூடி கிணுங்கியது.
அந்தச் சத்தத்துக்கு வந்து சேர்ந்தது செவலை,
ஏமாந்த முதல் ஆள்.

மறுநாள் போண்டா.
டீக்கடைக்காரர் தன் நாய் என்பார்;
போண்டா அப்படிச் சொல்லாது.
அப்புறம் லாரி:
தக்காளி ஏற்ற வந்த வண்டியிலிருந்து குதித்து
திரும்ப ஏற மறந்துபோனது.
கன்னடத்தில் அதட்டினால்தான் உட்காரும்.

மூன்றுக்கும் நான் சோறு வைத்தவள் இல்லை.
கயிறும் இல்லை, கழுத்துப் பட்டையும் இல்லை.
முன்னால் ஒன்று, பக்கத்தில் ஒன்று,
எதையோ மோந்து பார்த்துவிட்டு
மூச்சிரைக்க ஓடிவர ஒன்று.
ஊர் இப்போது வேறு மாதிரி கேட்டது:
"நாயைக் கூட்டிக்கினு போறியா?"
ஆமாம் என்றேன்.
ஊருக்கு அது போதுமாயிருந்தது.

புழு வளர்க்கும் கொட்டகையில் விளக்கு எரியும்.
நாயையும் என்னையும் உள்ளே விடமாட்டார்கள்.
நாலாம் ஜுரம் விட்டு எழுந்த புழுக்கள்
தழை கடிக்கிற சத்தம்,
தகரத்தில் தூறல் விழுவது போல.
அங்கே மட்டும்
மூன்றும் காதைத் திருப்பிக்கொண்டு நிற்கும்.
நானும் நிற்பேன்.
நாற்பது நிமிஷத்தில் இதைச் சேர்ப்பதா கழிப்பதா,
அடுத்த முறை கேட்கவேண்டும்.

அதைத் தாண்டினால் ராகிக் கொல்லை ஓரம்
சாய்ந்த நடுகல்.
வில் பிடித்த ஒருவர், முழங்கால்வரை மண்ணுக்குள்.
மாடு மீட்கப் போய்ச் செத்தவராம்.
எந்த மாடு, வீடு வந்து சேர்ந்ததா,
சொல்ல யாருமில்லை.
செவலை தினமும் அவருக்குக் காலைத் தூக்கும்.
அடச்சீ என்பேன்,
வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.
அவரைத் தேடித் தினம் வருவது அது ஒன்றுதான்.

ஏரிக்கரை முடிகிற இடத்தில் புளியமரம்.
அந்தப் பக்கம் அடுத்த ஊர் நாய்களுடையது.
கல் நட்டு அளந்தவர் எவருமில்லை,
ஆனால் மூன்றும் ஒரே இடத்தில் உட்காரும்.
அங்கிருந்து திரும்பினால் வீட்டுக்குச் சரியாக நாற்பது.
டாக்டரம்மாவும் நாய்களும் பேசிவைத்த மாதிரி.

சர்க்கரை பெரிதாய் ஒன்றும் இறங்கவில்லை.
பாலக்கோட்டு ஆலையில் அரவை இல்லாத மாசத்திலும்
என் ரத்தத்தில் கரும்பு ஆடுகிறது.

போன வாரம் புழுவுக்கு வருவது போல் எனக்கும் ஜுரம்.
இரண்டு நாள் போர்வைக்குள் சுருண்டிருந்தேன்.
ஐந்தே காலுக்குக் கதவில் நகம் கீறியது.
எழுந்திருக்கவில்லை.
கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றுபோனது.

மூன்றாம் நாள் தீர்த்தகிரி வந்தார்.
எக்செல்லில் உட்கார்ந்தபடியே சொன்னார்:
"உன் நாய் மூணும் நேத்தும் போச்சு, இன்னைக்கும் போச்சு.
புழுக் கொட்டகையாண்ட நின்னுச்சு.
கல்லாண்ட நின்னுச்சு.
புளியமரத்தாண்ட குந்திட்டுத் திரும்பி வந்துச்சு.
எங்கடா போறீங்கன்னு கேட்டேன்."

அவர் சிரிக்கவில்லை.
பதில் வந்ததா என்று நானும் கேட்கவில்லை.

இன்று காலை
நடுகல்லுக்கு முன்னால் எக்செல் தனியாக நின்றது.
நூறு அடி தள்ளி
கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவர்.
அக்குளில் மடித்த சாக்கு.
வீட்டில் சண்டையா என்று வாய்வரை வந்தது.

போண்டா ஓடிப்போய்ச் சாக்கை மோந்து பார்த்தது.
ஒன்றுமில்லை என்று தெரிந்ததும்
அவர் பக்கமாக நடக்கத் தொடங்கியது.